கல்லைப் படித்த புரூஸ் ஃபுட்



ஏற்காட்டுக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா? ஏரியில் படகுச் சவாரி செய்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது அங்குள்ள ஹோலி டிரினிட்டி என்ற பழைய தேவாலயத்துக்கும் சென்று வாருங்கள். அங்கே ஒரு பெரியவரின் நினைவிடம் இருக்கிறது. அவர் பெயர் ராபர்ட் புரூஸ் ஃபுட். நம் நாட்டில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை முதன்முதலில் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான்.

இங்கிலாந்தில் செல்ட்டன்ஹாம் என்ற ஊரில் 1834ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் ஃபுட் பிறந்தார். 24 வயதில், 1858ஆம் ஆண்டு இறுதியில், இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். சென்னை மாகாணத்தில் எங்கெங்கே என்னென்ன பாறைகள், கனிமங்கள் உள்ளன என்று ஆராய்ந்து வரைபடம் தயாரிப்பதே அவருக்குக் கொடுக்கப்பட்ட பணி. கூடாரம் அடித்துத் தங்க வேண்டும். வெயிலில் குதிரையிலும் கால்நடையாகவும் அலைய வேண்டும். சேலம், திருச்சி பகுதிகளிலும் அவர் இந்தப் பணியைச் செய்தார்.

தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்ட பீட்டர் பெர்சிவல் பாதிரியாரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவருடைய மகளைத்தான் ஃபுட் 1862இல் மணந்துகொண்டார்.

அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் ஒரு பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்தது. பிரான்ஸில் ஓர் ஆற்றங்கரையில் மண்ணுக்கு அடியிலிருந்து கல் கருவிகள் கிடைத்திருந்தன. அவை மிகப் பழங்கால மனிதர்கள் செய்தவை என்று 1859இல் அறிஞர்கள் ஒப்புக்கொண்டார்கள். இதைப் படித்த ஃபுட்டுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அங்கே கிடைத்தது இங்கே ஏன் கிடைக்கக் கூடாது? அன்று முதல் பாறைகளைப் பார்க்கும்போதே கருவிகளையும் தேடத் தொடங்கினார். இதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் தரவில்லை. தானாகவே விரும்பி ஏற்றுக்கொண்ட வேலை இது.

1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள். சென்னையை அடுத்த பல்லாவரத்தில் சரளைக் கல் தோண்டிய குழி ஒன்றை ஃபுட் பார்த்துக்கொண்டிருந்தார். குவியலில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. நாமாக இருந்தால் காலால் எத்திவிட்டுப் போயிருப்போம்! அவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு பக்கமும் சில்லு சில்லாகச் செதுக்கப்பட்டு, விளிம்பு கூராக இருந்தது. தானாக உடைந்த கல் இப்படி இருக்காது. அது மனிதன் செய்த கைக்கோடரி!

ஆனால் ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு பேசினால் உலகம் நம்புமா? ஃபுட் அவசரப்படவில்லை. தேடலைத் தொடர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங் என்ற சக அதிகாரியுடன் திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்துக்குச் சென்றார். அங்கே ஓடைக்கரையில் மண் அடுக்குகளுக்குள்ளேயே கருவிகள் இருந்தன. இனி யாரும் மறுக்க முடியாது. ஐரோப்பாவில் அந்த மனிதர்கள் சிக்கிமுக்கிக் கல்லைச் செதுக்கினார்கள். இங்கே வாழ்ந்தவர்கள் அருகிலேயே கிடைத்த குவார்ட்சைட் என்ற கடினமான கல்லைப் பயன்படுத்தினார்கள். இதையும் ஃபுட் கண்டறிந்தார்.

1884இல் ஆந்திராவில் பேதம்செர்லா அருகே உள்ள பில்லசுர்கம் குகைகளில் அவர் அகழாய்வு தொடங்கினார். ராணுவ அதிகாரியான மகன் ஹென்றியும் துணைக்கு வந்தார். தந்தை தொடங்கியதை மகன் பொறுப்பேற்று நடத்தினார். குகைத் தரையை ஒரே மூச்சில் வெட்டி எடுக்காமல், அடுக்கு அடுக்காக அகற்றினார்கள். ஏன் தெரியுமா? மேலே இருப்பது பிந்தையது, கீழே இருப்பது முந்தையது. கலைத்துவிட்டால் எது முன், எது பின் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. அங்கே கிடைத்த எலும்புகளில், இன்று அந்தப் பகுதியிலேயே இல்லாத காண்டாமிருகத்தின் எலும்பும் இருந்தது!

1891இல் ஃபுட் ஓய்வு பெற்றார். பிறகு பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் பணியாற்றிவிட்டு ஏற்காட்டில் குடியேறினார். அந்தச் சேர்வராயன் மலையிலும் வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்தன. மலைவாழ் மக்கள் அவற்றைச் சிறு கோயில்களில் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள்.

நாற்பது ஆண்டு அலைச்சலில் நானூறுக்கும் மேற்பட்ட இடங்களை ஃபுட் கண்டறிந்தார். சேர்த்த பொருள்கள் 1904இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்றன. எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினார். 1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் காலமானார். அவர் எழுதிய பட்டியல் 1914இல்தான் அச்சில் வந்தது. அதை அவர் பார்க்கவில்லை.

அவர் பார்க்காத இன்னொன்றும் உண்டு. அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அகழாய்வு செய்தார்கள். அங்குள்ள பழமையான கருவிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் அறிவித்தார்கள். இடத்தை ஃபுட் எழுதி வைத்ததால்தானே பின்னால் வந்தவர்கள் அங்கே போய்த் தோண்ட முடிந்தது?

நம் சென்னிமலை அருகே, நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் பலமுறை அகழாய்வு நடந்திருக்கிறது. அங்கே மாணவர்களும் ஊர் மக்களும் வேலை செய்தார்கள். இத்தகைய குழிகளில் கடப்பாரைக்கு வேலை குறைவு. சிறு கரண்டியால் மண்ணைச் சுரண்டி, தூரிகையால் தூசியைத் தட்டி, அள்ளிய மண்ணைச் சல்லடையில் சலிக்க வேண்டும். சின்ன மணி ஒன்றுகூடத் தப்பிவிடக் கூடாது. பானை ஓடுகளைக் கழுவிக் காயவைத்து, குழி எண், ஆழம், தேதி எழுதிய சீட்டோடு பையில் போட வேண்டும். முதுகு வலிக்கும்; கைகள் காய்த்துப்போகும். ஆனால் அந்தச் சீட்டு இல்லாவிட்டால், கிடைத்த பொருள் வெறும் ஓடுதான்!

குழந்தைகளே, உங்கள் ஊர்க் காட்டிலும் ஆற்றங்கரையிலும் பழைய பானை ஓடோ, மணியோ, விசித்திரமான கல்லோ கண்ணில் படலாம். நீங்களாகத் தோண்டிவிடாதீர்கள். எடுத்து வந்து அலமாரியில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். எந்த இடம், எந்த நாள் என்று நோட்டில் குறித்து, உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் தொல்லியல் துறைக்குத் தெரியப்படுத்துவார்.

ஃபுட் செய்ததும் அதுதான். அவர் கண்களைத் திறந்து வைத்திருந்தார். கண்டதை மறக்காமல் எழுதி வைத்தார். நாளை பள்ளிக்குப் போகும் வழியில் நீங்களும் கொஞ்சம் கீழே பார்த்து நடப்பீர்கள், அல்லவா?