தன் கொள்கையைத் தானே பொய்ப்பித்தவர்: சேர் ஜோன் எக்கிள்ஸ் (1903 - 1997)

சிட்னி மக்குவாரி வீதியில் உள்ள சிட்னி மருத்துவமனை வாசலில் ஒரு வெண்கலக் காட்டுப்பன்றி உட்கார்ந்திருக்கிறது. அதன் மூக்கைத் தடவிவிட்டுப் போகிறவர்களில் பலருக்கு, அந்த மருத்துவமனையின் கனேமட்சு நிறுவனத்தில் 1939க்கும் 1942க்கும் இடையில் மூன்று பேர் பூனைகளையும் தவளைகளையும் வைத்துக்கொண்டு நரம்பியலின் போக்கையே மாற்றும் ஆய்வுகளைச் செய்தார்கள் என்பது தெரிந்திராது. ஹிட்லரின் கொடுமையால் ஐரோப்பாவை விட்டு வந்த பேர்னாட் கட்ஸ், ஸ்டீபன் குஃப்ளர் ஆகியோர் இருவர். அவர்களை அழைத்து இடம் கொடுத்த இயக்குநர், மெல்பேர்ண்காரரான ஜோன் கரூ எக்கிள்ஸ்.

எக்கிள்ஸ் 1903 ஜனவரி 27இல் மெல்பேர்ணில் பிறந்தார். தாய், தந்தை இருவரும் ஆசிரியர்கள். மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கத் தொடங்கிய வயதிலேயே ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. டார்வினைப் படித்தவருக்கு உடலின் தோற்றம் விளங்கிற்று; 'நான்' என்ற உணர்வு எங்கிருந்து வந்தது என்பது விளங்கவில்லை. அந்தக் கேள்வி அவரைச் சாகும்வரை விடவில்லை. 1925இல் ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட் சென்று, அக்காலத்து நரம்பியலின் பிதாமகரான சார்ள்ஸ் ஷெரிங்டனிடம் மாணவரானார்.

ஊரில் உயிரியல் படித்தவர்களுக்கு மூளையம், மூளி, நீள்வளைய மையவிழையம் என்று மனனம் செய்த நாட்கள் நினைவிருக்கலாம். தமிழ்நாட்டில் அவற்றையே பெருமூளை, சிறுமூளை, முகுளம் என்பார்கள். (நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். 'மூளி' என்பதற்கு நம் பேச்சில் வேறு பொருளும் உண்டல்லவா!) சிந்தனை, பேச்சு, பார்வை எல்லாம் பெருமூளையின் பாடு. உடலின் சமநிலையையும் அசைவுகளின் நளினத்தையும் சிறுமூளை பார்த்துக்கொள்கிறது. மூச்சும் இதயத்துடிப்பும் முகுளத்தின் காவலில் இருக்கின்றன. பரீட்சைக்கு இவ்வளவும் போதும். ஆனால் இந்தப் பகுதிகள் எல்லாமே நரம்புக் கலங்களால் ஆனவை. ஒரு கலம் அடுத்த கலத்துக்குச் செய்தி சொல்லாவிட்டால் எதுவும் நடக்காது. இரு கலங்களும் சந்திக்கும் இடத்துக்கு சினாப்ஸ் என்று பெயர் வைத்தவர் ஷெரிங்டன்தான். அங்கே ஒரு மில்லிமீற்றரில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள இடைவெளி இருக்கிறது. அதைச் செய்தி எப்படித் தாண்டுகிறது?

இரசாயனப் பொருள் சுரந்து தாண்டுகிறது என்றது ஹென்றி டேலின் அணி. அதற்கான சோதனையை ஒட்டோ லோவி கனவில் கண்டு, எழுந்து போய்த் தவளையின் இதயத்தில் செய்து காட்டி, 1921இல் வெளியிட்டிருந்தார். டேலும் லோவியும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். எக்கிள்ஸ் எதிரணி. மின்சாரம்தான் தாண்டுகிறது, இரசாயனம் இவ்வளவு வேகமாக வேலை செய்யாது என்பது அவர் கட்சி. கூட்டங்களில் டேலுடன் கடுமையாக வாதாடுவார். வெளியே வந்தால் இருவரும் நண்பர்கள்.

1937இல் சிட்னிக்கு வந்த பிறகும் அவர் கட்சி மாறவில்லை. ஆனால் நரம்பும் தசையும் சந்திக்கும் இடம் பற்றி அங்கே கிடைத்த முடிவுகள் இரசாயனத்தின் பக்கமே சாய்ந்தன. போர் வந்தது. கட்ஸ் விமானப்படையின் ராடார் பிரிவுக்குப் போனார். எக்கிள்ஸ் 1944இல் நியூசிலாந்தின் டனீடினுக்குப் பேராசிரியராகச் சென்றார். மனம் சோர்ந்திருந்த காலம் அது. இருபது வருட நம்பிக்கை கைநழுவிப்போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எளிதல்ல.

அங்கே அவர் சந்தித்தவர், வியன்னாவிலிருந்து வந்து கிறைஸ்ட்சேர்ச்சில் கற்பித்துக்கொண்டிருந்த தத்துவவாதி கார்ள் பொப்பர். கொள்கை பொய்யாவதில் வெட்கம் இல்லை, பொய்ப்பிக்கக்கூடிய வகையில் அதைத் துல்லியமாகச் சொல்லாததுதான் குற்றம் என்பது பொப்பரின் போதனை. எக்கிள்ஸுக்கு இது மருந்துபோல இருந்தது. 1947இல் அவரும் ஒரு கனவு கண்டார்! ஒரு நரம்புக் கலம் இன்னொன்றை அடக்குவதை மின்சாரத்தால் விளக்கும் ஒரு கருதுகோள் அக்கனவில் முழுதாக வந்தது. லோவியின் கதையை நினைத்து, மறந்துபோகாதபடி விழித்திருந்து அதை மனதில் பதித்துக்கொண்டாராம். அதை, எங்கே பிழைத்தால் முழுவதும் பிழை என்று தெரியும்படி கூர்மையாக எழுதி வெளியிட்டார்.

பிழைத்தது. 1951 ஓகஸ்டில் புரொக், கூம்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, மிக நுண்ணிய கண்ணாடிக் குழாய் மின்வாயைப் பூனையின் தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்புக் கலம் ஒன்றினுள்ளேயே செலுத்தினார். அடக்கும் செய்தி வந்தபோது கலத்தின் உட்புறம் கூடுதலாக எதிர்மின் தன்மை அடைந்தது. அவருடைய கருதுகோள் சொன்னதற்கு நேர் எதிர். அதைக் காட்டும் சோதனையைச் செய்தவர் அவரே. தம் கருதுகோள் பொய்த்ததென்று 1952இல் அச்சில் எழுதியவரும் அவரே. இத்தனை காலம் எதிர்த்த டேலுக்கும் தோல்வியைத் தெரிவித்தார். நம் இலக்கியச் சண்டைகளில் இப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை.

அதன்பின் கன்பராவில், அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் செய்த வேலைகள் ஏராளம். 1963இல் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி இருவருடனும் நோபல் பரிசு கிடைத்தது. தனக்குப் பிடித்த கொள்கையைக் கொன்ற வழியிலேயே பரிசும் வந்தது என்று சொல்லலாம். (வேடிக்கை என்னவென்றால், மின்சாரத்தாலேயே செய்தி தாண்டும் சினாப்ஸ்களும் உண்டென்பதை 1959இல் இருவர் நன்னீர் இறாலில் காட்டினார்கள். அது நடந்தது லண்டனில், கட்ஸின் துறையில்! கட்ஸும் 1970இல் நோபல் பெற்றார்.)

சிறுமூளை பற்றிய ஆய்வும் கன்பராக் காலத்தில்தான் வலுப்பெற்றது. மூளையின் கன அளவில் பத்தில் ஒரு பங்கே சிறுமூளை. ஆனால் ஏறக்குறைய 8,600 கோடி நரம்புக் கலங்களில் 6,900 கோடி அங்கேதான் இருக்கின்றன என்று இன்று கணக்கிடுகிறார்கள். அதன் புறணியிலிருந்து வெளியே போகும் செய்தி முழுவதும் புர்கின்யே கலங்கள் வழியாகவே செல்கிறது. அந்தக் கலங்கள் செய்வதோ அடக்குவது ஒன்றையே. இதைக் கண்டறிந்தவர் கன்பராவில் எக்கிள்ஸிடம் பயின்று ஜப்பான் திரும்பிய மசாவோ இட்டோ. பரதம் ஆடும் பிள்ளையின் பாதம் தாளத்தில் நிற்பதற்கு, காலை நகர்த்துவது மட்டும் போதாது, சரியான கணத்தில் நிறுத்தவும் வேண்டுமே. எக்கிள்ஸ், இட்டோ, ஹங்கேரியரான சென்டகோதாய் மூவரும் சேர்ந்து சிறுமூளையை ஒரு நரம்பு இயந்திரமாக விளக்கிய நூல் 1967இல் வெளிவந்தது.

ஓய்வு வயது நெருங்கியதை ஏற்க மனமில்லாமல் 1966இல் அமெரிக்கா போனார். 1975இல் சுவிற்சர்லாந்தின் கொன்ட்ரா என்ற மலைக்கிராமத்தில் குடியேறினார். இளவயதுக் கேள்வி மறுபடி மேலெழுந்தது. மனம் வேறு, மூளை வேறு, ஒன்று மற்றதைத் தொடுகிறது என்ற நிலைப்பாட்டில் நின்று, 1977இல் பொப்பருடன் சேர்ந்து பெரிய நூலொன்றை வெளியிட்டார். சக ஆய்வாளர் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கும் இதில் சங்கடம் உண்டு. 1951இல் போல ஒரு மின்வாயைச் செலுத்திப் பொய்ப்பிக்க இந்தக் கொள்கை இடம் கொடுக்கவில்லை. ஆயினும் அவர் முயலாமல் விடவில்லை. 1992இல், தமது 89ஆவது வயதில், இயற்பியலாளர் பிரெட்ரிக் பெக்குடன் சேர்ந்து எழுதிய கட்டுரையில், மனம் மூளையைத் தொடும் இடம் சினாப்ஸ்தான் என்று குவாண்டம் இயற்பியலின் துணையோடு வாதிட்டார். 1997 மே 2இல் அந்தச் சுவிஸ் கிராமத்தில் காலமானார்.