விமான ஆலை கண்ட வால்சந்த்

பெங்களூரில் மிகப் பெரிய விமானத் தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. போர் விமானங்களும், ஹெலிகாப்டர்களும், விமான என்ஜின்களும் அங்கே தயாராகின்றன.

இந்த ஆலையைத் தொடங்கியவர் சர்க்கார் அதிகாரி அல்ல. என்ஜினீயரும் அல்ல. ஒரு பருத்தி வியாபாரியின் மகன்! அவர்தான் சேட் வால்சந்த் ஹிராசந்த்.

படிப்பும் தொழிலும்

வால்சந்த் 1882ஆம் ஆண்டு நவம்பர் 23ந் தேதி ஷோலாப்பூரில் ஒரு ஜைனக் குடும்பத்தில் பிறந்தார். கல்லூரியில் சேர்ந்தார், படிப்பை முடிக்கவில்லை. பருத்தியும் வட்டிக் கடையும் குடும்பத் தொழில். அதில் அவர் மனம் செல்லவில்லை.

ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு காண்டிராக்ட் தொழிலில் இறங்கினார். ரெயில் பாதை போட்டார். பிறகு, பம்பாய்க்கும் பூனாவுக்கும் நடுவே உள்ள மலையைக் குடைந்து குகைப் பாதை அமைக்கும் வேலையும் அவருடைய கம்பெனிக்குக் கிடைத்தது.

1919ல் அவரும் நண்பர்களும் குவாலியர் மகாராஜாவின் கப்பல் ஒன்றை விலைக்கு வாங்கினார்கள். அதன் பெயர் லாயல்டி. அந்த ஆண்டு ஏப்ரல் 5ந் தேதி அது பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டன. ஆனாலும் வால்சந்தின் சிந்தியா கப்பல் கம்பெனி தாக்குப் பிடித்தது.

ஆகாயத்தில் ஒரு சந்திப்பு

1939ல் மோட்டார் கார் ஆலை தொடங்கும் எண்ணத்துடன் வால்சந்த் அமெரிக்காவுக்குப் போய் வந்தார். அந்த யாத்திரையில், விமானத்தில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். சீனாவில் விமான ஆலை நடத்தி வந்தவர் அவர்.

சீனாவில் முடியும் என்றால் இந்தியாவில் ஏன் முடியாது? கார் வாங்கப் போனவர் போல் கிளம்பிய வால்சந்த், விமான யோசனையோடு திரும்பினார்.

அப்போது இரண்டாவது உலக யுத்தம் தொடங்கியிருந்தது. இருந்தும் பிரிட்டிஷ் சர்க்கார் முதலில் தயங்கியது. 1940ல் பிரான்ஸ் வீழ்ந்து, யுத்தம் நெருக்கடியான பிறகே அனுமதி கிடைத்தது.

மைசூர் கை கொடுத்தது

பணமும் நிலமும் வேண்டுமே! வால்சந்த் பல சமஸ்தானங்களின் கதவைத் தட்டினார். மைசூர் சமஸ்தானம் கதவைத் திறந்தது. திவான் சர் மிர்சா இஸ்மாயில் ஆர்வத்துடன் முன்வந்தார். பெங்களூரில் நிலம் கிடைத்தது. மூலதனத்தில் மைசூரும் பங்கு போட்டது.

1940ஆம் ஆண்டு டிசம்பர் 23ந் தேதி ஹிந்துஸ்தான் ஏர்கிராப்ட் கம்பெனி பதிவாயிற்று. மறு ஆண்டு இந்திய சர்க்காரும் பங்குதாரர் ஆயிற்று.

அமெரிக்க நிபுணர்கள் வந்தார்கள். இயந்திரங்கள் கப்பலில் வந்தன. 1941லேயே முதல் விமானம் பறந்தது! ஹார்லோ என்ற பயிற்சி விமானம் அது. அமெரிக்காவிலிருந்து வந்த பாகங்களைப் பெங்களூரில் பூட்டினார்கள்.

கை மாறிய ஆலை

ஆனால் அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. இந்தியாவின் வாசலுக்கே யுத்தம் வந்துவிட்டது. ஆலை முழுவதும் தன் கையில் இருக்க வேண்டும் என்று சர்க்கார் கருதியது.

ஏப்ரல் மாதத்தில் வால்சந்த் குழுவினரின் பங்குகளைச் சர்க்கார் விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. மைசூர் தன் பங்கை விற்கவில்லை. நிர்வாகத்தை மட்டும் விட்டுக் கொடுத்தது. பெற்ற பிள்ளை ஒன்றரை வயது நிறையுமுன் வேறு வீட்டுக்குப் போனது போல் ஆயிற்று!

வால்சந்த் சோர்ந்து உட்காரவில்லை. விசாகப்பட்டினத்தில் அவருடைய கப்பல் கட்டும் தளம் வளர்ந்தது. அங்கே கட்டிய ஜலஉஷா என்ற கப்பலை, 1948 மார்ச்சு 14ந் தேதி பிரதமர் நேரு கடலில் இறக்கி வைத்தார். பம்பாயில் பிரீமியர் கார் ஆலையும் எழுந்தது.

பல பிரிவுகள்

யுத்த காலத்தில் பெங்களூர் ஆலை அமெரிக்கப் படையின் விமானங்களைப் பழுது பார்த்தது. யுத்தம் முடிந்ததும் ரெயில் பெட்டிகள்கூடக் கட்டியது. 1951ல் டாக்டர் காட்கே தலைமையில் இந்தியர்களே வரைந்து உருவாக்கிய எச்.டி. 2 பயிற்சி விமானம் பறந்தது. அப்போது வால்சந்த் உயிருடன் இருந்தார்; ஆனால் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியிருந்தது. மனைவி கஸ்தூரிபாய் கண்ணும் கருத்துமாகக் கவனித்து வந்தார். 1953 ஏப்ரல் 8ந் தேதி வால்சந்த் காலமானார்.

1964 அக்டோபர் 1ந் தேதி இந்த ஆலை மற்றொரு சர்க்கார் விமானக் கம்பெனியுடன் இணைந்து, ஹிந்துஸ்தான் ஏரோநாடிக்ஸ் ஆயிற்று. ஒரு விமானத்தின் வேலையைப் பல ஊர்கள் பங்கிட்டுக்கொண்டன. மிக் போர் விமானத்தின் உடல் நாசிக்கில்; என்ஜின் கோராபுட்டில்; மின்னணுக் கருவிகள் ஐதராபாத்தில். கான்பூரிலும் லக்னோவிலும் வேறு பிரிவுகள் உள்ளன. தாய் வீடு பெங்களூர்தான்.

ஆலையின் பெயரில் வால்சந்த் இல்லை. ஆனால், நாடு சுதந்திரம் அடைவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அதற்கு இட்ட ஹிந்துஸ்தான் என்ற பெயர் மட்டும் இன்றும் மாறவில்லை.