காப்டன் பெர்குஸனும் அவர் துப்பாக்கியும்

புதிய துப்பாக்கி ஒன்று உருவானால் எந்த அரசாங்கமும் அதைத் தன் சேனை முழுவதற்கும் ஒரே நாளில் கொடுத்துவிடுவதில்லை. பொறுக்கியெடுத்த விசேஷப் படையொன்றின் கையில் முதலில் கொடுத்துப் பரீட்சை செய்வதே பெரும்பாலும் வழக்கம். 1960-களில் அமெரிக்காவின் எம்-16 துப்பாக்கி தரைப்படை முழுமைக்கும் வருமுன்னர் விமானப் படையாரும் விசேஷப் படையாரும் அதை ஏந்தினர். இத்தகைய பரீட்சைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே தம் உடலைப் பணயம் வைத்தவர் காப்டன் பாட்ரிக் பெர்குஸன். அவர் கண்ட வெற்றி பெரிது. அவ்வெற்றி வீணான விதமோ அதனினும் சிந்திக்கத் தக்கது. ஆகவே அவருடைய சரித்திரத்தை நமது நேயர்கள் முன் வைக்கின்றோம்.

பெர்குஸன் 1744-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். தந்தையார் வக்கீல் தொழிலில் உயர்ந்து நியாயாதிபதியானவர். மைந்தரோ சட்டத்தை நாடாமல் பதினைந்தாம் வயதிலேயே பிரிட்டிஷ் சேனையில் சேர்ந்து, ஜெர்மனியில் நடந்த யுத்தத்தில் பங்கு கொண்டார். காலில் கண்ட கொடிய நோய் அவரைப் பலமுறை படுக்கையில் தள்ளியும் அவர் உத்தியோகத்தை விடவில்லை.

அக்காலத்துச் சிப்பாய் ஏந்திய மஸ்கெட்டுத் துப்பாக்கியை விரைவாகச் சுடலாம். ஆனால் நூறு கஜத்துக்கு அப்பால் குறி நிச்சயமில்லை. உட்குழலில் சுருள் வரி வெட்டிய ரைபிள் துப்பாக்கிக்குக் குறி தப்பாது. ஆனால் குண்டைக் குழல் வாயிலிருந்து அடிவரை இறுக்கி இடித்துக் கெட்டிக்க வேண்டியிருந்தபடியால் நேரம் மிகும். வேகமும் குறியும் ஒரே துப்பாக்கியில் அமைய வேண்டுமென்று பெர்குஸன் முயன்றார். முன்னரே பிரெஞ்சுக்காரர் ஒருவர் கண்ட முறையை அவர் திருத்தியமைத்தார். விசையைக் காக்கும் வளையத்தை ஒரு சுற்றுத் திருப்பினால் குழலின் அடியிலுள்ள திருகாணி கீழிறங்கும். அவ்வழியே குண்டும் மருந்தும் இட்டு மீண்டும் திருகினால் துப்பாக்கி தயார். படுத்தபடியே கெட்டிக்கலாம் என்பது இதன் பெருஞ் சிறப்பு.

1776-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பெருமழையும் காற்றுமாக இருந்த ஒரு நாளில், வுல்விச் நகரில் சேனாதிபதிகள் முன்னிலையில் அவர் சுட்டுக் காட்டினார். இருநூறு கஜத்திலிருந்த இலக்கை நிமிஷத்துக்கு நான்கு முறை சுட்டார், ஒரு நிமிஷத்தில் ஆறு முறையும் சுட்டார், நடந்துகொண்டே சுட்டார், மருந்தில் தண்ணீரை ஊற்றி நனைத்தபின் அரை நிமிஷத்துக்குள் மீண்டும் சுட்டார். மொத்தத்தில் குறி தவறியது மூன்றே முறை. அரசர் மூன்றாம் ஜார்ஜும் அவர் திறமையை நேரில் கண்டார். ஏறக்குறைய நூறு துப்பாக்கிகள் செய்யப்பட்டன. அவற்றை ஏந்தப் பொறுக்கிய வீரர்களோடு 1777-ல் அமெரிக்காவின் சுதந்திர யுத்தத்தை அடக்கும்பொருட்டு அவர் அனுப்பப்பட்டார்.

அவ்வாண்டு செப்டம்பர் 11-ல் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் போர் நடந்தது. எதிரிப் படைத் தலைவர் ஒருவர் குதிரைமீது சமீபத்தில் வந்தபோது, முதுகு காட்டிச் செல்பவரைச் சுடுதல் தகாதென்று பெர்குஸன் விட்டுவிட்டார். அவர் வாஷிங்டனே என்று பின்னர் அவரிடம் கூறப்பட்டது. சரித்திரக்காரர்கள் இதை நிச்சயமாக ஏற்பதில்லை. அன்றே ஒரு குண்டு அவருடைய வலது முழங்கையைச் சிதைத்தது.

அத்துடன் அவருடைய படையும் கலைந்தது. வீரர்கள் தத்தம் பழைய பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டனர். துப்பாக்கியின் மரக்கட்டை விசைப் பொறியருகே எளிதில் பிளந்தது என்பதும், செய்யச் செலவு அதிகம் என்பதும் உண்மையே. ஆயினும் இக்குறைகளை நீக்க முயல்வாரும் ஒருவருமில்லை. அடிவழியே கெட்டிக்கும் ஸ்னைடர் ரைபிளைப் பிரிட்டிஷ் சேனை பொதுவாக ஏற்றது 1866-ல்தான். தொண்ணூறு ஆண்டுகள் வீணே கழிந்தன!

வலக்கை பயனற்றுப்போன பெர்குஸன் இடக்கையால் எழுதவும் வாள் சுழற்றவும் பயின்று மீண்டும் போர்முனை சென்றார். 1780-ல் தெற்குக் கரோலினாவில், அரசருக்கு விசுவாசமான அமெரிக்கரைத் திரட்டும் வேலை அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. மலைக்கு அப்பாலிருந்த குடிகள் பணியாவிடில் அவர்கள் ஊர்களை அழிப்பதாக அவர் சொல்லியனுப்பினார். அம்மிரட்டலே அவர்களை ஒன்றுசேர்த்தது. அக்டோபர் 7-ல் கிங்ஸ் மவுண்டன் குன்றில் அவரைச் சூழ்ந்து, மரமறைவிலிருந்து தம் வேட்டை ரைபிள்களால் சுட்டனர். சுமார் ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. பல குண்டுகள் பாய்ந்து, தமது முப்பத்தாறாம் வயதில் பெர்குஸன் மாண்டார். இருதரப்பிலும் போரிட்டவர் அமெரிக்கரே. பிரிட்டனிலிருந்து வந்தவர் அவர் ஒருவரே.

ரைபிளின் வலிமையைத் தம் சேனைக்குக் கற்பிக்க முயன்றவர் ரைபிளுக்கே இரையானார். அவருடைய வீரத்தை நாம் குறைத்துரைக்கவில்லை. அவர் பாடுபட்ட பக்கம் மக்களின் பக்கம் அன்று என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் நாம் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. ஒரு சீரிய முயற்சி ஒரே மனிதனின் முழங்கையை நம்பி நின்றது. அம்முழங்கை சிதைந்தபோது முயற்சியும் சிதைந்தது. பொதுக்காரியத்தில் இறங்குவோர் தம் வேலையை எத்தனை கைகளில் ஒப்புவித்திருக்கின்றனர் என்று அடிக்கடி எண்ணிப் பார்ப்பார்களாக.