தில்லையாடி வள்ளியம்மை

மாந்தர் அனைவரும் ஓர் குலம் என்பதை மறந்தபோதெல்லாம் உலகம் குருதி சிந்தியிருக்கிறது. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டிலேயே, விடுதலை பெற்ற கறுப்பின மக்களை அச்சுறுத்தி அடக்கக் கூ கிளக்ஸ் கிளான் என்னும் முகமூடிக் கூட்டம் தோன்றிற்று. தென்னாப்பிரிக்காவிலோ அதே வெறி முகமூடியின்றிச் சட்டமாகவே அரசாண்டது. அச்சட்டத்தின்முன் நிமிர்ந்து நின்ற தமிழ் நங்கையை இம்மலரில் நினைவுகூர விழைகின்றோம்.

வள்ளியம்மை 1898இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் பிறந்தார். பெற்றோர் தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவர்கள். தில்லையாடி என்னும் சிற்றூர் அவர்தம் குடும்ப வேர். அங்கே ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியத் தொழிலாளர் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி செலுத்த வேண்டியிருந்தது. நேட்டாலுக்கும் டிரான்ஸ்வாலுக்கும் இடையே அனுமதியின்றிச் செல்லுதல் குற்றம் எனப்பட்டது.

1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்றம், ஒரு முஸ்லிம் பெண்மணியின் வழக்கில், கிறித்தவ முறைப்படி நிகழ்ந்து பதிவு பெற்ற திருமணமே செல்லும் எனத் தீர்ப்பளித்தது. நிக்காஹ்வும் இந்துத் திருமணமும் ஒருசேரப் பொய்யாயின. தம் இல்லறத்தின் மானம் பறிபோனதைக் கண்ட பெண்கள் போராட்டக் களம் புகுந்தனர். காந்தியடிகளோடு அகமது முகம்மது கச்சாலியா போன்ற முஸ்லிம் தலைவர்களும் அப்போரை நடத்தினர்.

அவ்வாண்டு அக்டோபரில் வள்ளியம்மை தம் தாயாருடன் புறப்பட்டார். டிசம்பரில் மூன்று மாதக் கடுங்காவல் பெற்று மாரிட்ஸ்பர்க் சிறையில் அடைக்கப்பட்டார். அங்கே கொடுங்காய்ச்சல் பற்றியது. முன்கூட்டியே விடுவிக்க அதிகாரிகள் முன்வந்தும் அவர் ஏற்கவில்லை. விடுதலையாகி வந்தபோது எழுந்து நிற்கவும் வலிமையில்லை. சிறை சென்றதற்கு வருந்துகிறாயா எனக் காந்தியடிகள் வினவ, மீண்டும் செல்லவும் ஆயத்தமே என்றார் அந்த இளநங்கை. 1914 பிப்ரவரி 22ஆம் நாள் உயிர் நீத்தார். அவ்வாண்டே தலைவரி நீங்கிற்று. திருமணங்கள் சட்ட ஏற்புப் பெற்றன.

ஆயினும் நிறவெறி ஒழியவில்லை. தென்னாப்பிரிக்கா சமத்துவம் காண 1994 வரை காத்திருக்க நேர்ந்தது. அமெரிக்காவில் கிளான் சிதறித் தேய்ந்தது எனினும், 2015இல் சார்லஸ்டன் தேவாலயத்தில் கறுப்பினத்தவர் ஒன்பதின்மர் கொல்லப்பட்டனர். 2017இல் சார்லட்ஸ்வில் நகர வீதிகளில் வெள்ளை மேலாண்மைக் குழுவினர் தீவட்டி ஏந்தி ஊர்வலம் சென்றனர்.

நம் ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் மாசிமகத்தின்போது கிள்ளைக்கு எழுந்தருள, அவ்வூர் முஸ்லிம் பெருமக்கள் வரவேற்கும் மரபை நாம் அறிவோம். அம்மண்ணில் வாழும் நாம், பிறப்பால் உயர்வு தாழ்வு பேசும் எண்ணம் நம் தெருவிலும் நெஞ்சிலும் எஞ்சியிருக்கிறதா என்று நம்மையே வினவிக்கொள்வோம். பதினாறு வயதில் மறைந்த அந்நங்கைக்கு நாம் செலுத்தும் மெய்யான நன்றி அதுவே.