நச்சு எங்கே போகிறது? கேட்டவர் ரேச்சல் கார்சன்

கடந்த ஆண்டு என் தம்பிக்கு டிங்கிக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் மருத்துவமனையில் இருந்தான். அந்த வாரமே எங்கள் தாமானில் கொசுவை ஒழிக்கப் புகையடித்தார்கள். அம்மா சமையலறைப் பாத்திரங்களை எல்லாம் மூடிவைத்தார். புகை கலையும்வரை நாங்கள் தெருமுனையில் நின்றோம். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வாசலில் இருந்த பூச்செடியின் அடியில் நான்கைந்து தேனீக்கள் இறந்து கிடந்தன. கொசுவுக்கு அடித்த மருந்து தேனீயிடம் எப்படிப் போனது? அதோடு நின்றுவிடுமா? அதுவரை பசுமை வாழ்க்கை என்றால் எனக்கு நெகிழிப் பையைத் தவிர்ப்பதும் மறுசுழற்சித் தொட்டியும்தான். விடை தேடிப் போனபோது, இதே கேள்வியை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே உலகத்தின் முன் வைத்த ஒரு பெண்ணைச் சந்தித்தேன். அவர்தான் ரேச்சல் கார்சன்.

கடலை நேசித்த எழுத்தாளர்

ரேச்சல் கார்சன் 1907ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் பிறந்தார். வசதி குறைந்த குடும்பம். வீட்டைச் சுற்றியிருந்த தோப்பிலும் வயலிலும் பறவைகளையும் பூச்சிகளையும் கவனிக்கக் கற்றுத் தந்தவர் அவரின் தாயார். எழுத்தாளராக வேண்டும் என்பது சிறுவயதுக் கனவு. கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தவர், இடையில் உயிரியலுக்கு மாறினார். 1932இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

1935இல் தந்தை காலமானார். குடும்பச் சுமை ரேச்சலின் தோளில் விழுந்தது. அரசாங்க மீன்வளத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, கடல்வாழ் உயிர்களைப் பற்றி வானொலி நிகழ்ச்சிகளுக்கு எழுதினார். இலக்கியமா அறிவியலா என்று தடுமாறியவருக்கு இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்தன. 1951இல் வெளிவந்த அவருடைய கடல் பற்றிய நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. அதற்குத் தேசிய நூல் விருதும் கிடைத்தது. அதன் பிறகு வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானார்.

அதிசய மருந்து டிடிடி

இரண்டாம் உலகப் போரின்போது பேன்களையும் மலேரியாக் கொசுக்களையும் ஒழிக்க டிடிடி என்ற பூச்சிக்கொல்லி பயன்பட்டது. எண்ணற்ற உயிர்களை அது காப்பாற்றியது உண்மை. அதன் ஆற்றலைக் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் நோபல் பரிசும் வழங்கப்பட்டது. போர் முடிந்ததும் அதே மருந்து வயல்களிலும் காடுகளிலும் குடியிருப்புகளிலும் கொட்டப்பட்டது. விமானத்திலிருந்துகூடத் தெளித்தார்கள்.

1958இல் மாசசூசெட்ஸ் மாநிலத்திலிருந்து ஒரு தோழி, மருந்து தெளித்த பிறகு தம் வீட்டுத் தோட்டத்தில் பறவைகள் செத்து விழுந்ததாகக் கார்சனுக்கு எழுதினார். கார்சன் தேடத் தொடங்கினார். நான்கு ஆண்டுகள் ஆய்வு அறிக்கைகளைப் படித்தார்; அறிவியலாளர்களுக்குக் கடிதம் எழுதி ஒவ்வொரு தகவலையும் சரிபார்த்தார்.

அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளில் ஒன்று என் மனத்தில் அப்படியே நிற்கிறது. கலிபோர்னியாவில் கிளியர் லேக் என்றோர் ஏரி. அங்கே மொய்த்த சிறு பூச்சிகள் மனிதரைக் கடிப்பதுகூட இல்லை. தொல்லையாக இருந்தன, அவ்வளவுதான். அவற்றை ஒழிக்க டிடிடியின் நெருங்கிய உறவு இரசாயனம் ஒன்றை ஏரியில் கலந்தார்கள். 1954இல் கலந்த அளவு, 5 கோடிப் பங்கு நீருக்கு ஒரு பங்கு. யாருக்கும் பாதிப்பு வராது என்றுதான் நினைத்தார்கள். ஆனால் அந்த நச்சை நுண்ணுயிர்கள் உள்வாங்கின. அவற்றைச் சிறு மீன்கள் தின்றன. சிறு மீன்களைப் பெரிய மீன்கள் தின்றன. மீன்களை முக்குளிப்பான் பறவைகள் தின்றன. ஒவ்வொரு படியிலும் நச்சு உடற்கொழுப்பில் சேர்ந்துகொண்டே போனது. இறந்த பறவைகளின் கொழுப்பைச் சோதித்தபோது, பத்து இலட்சத்துக்கு 1,600 பங்கு நச்சு இருந்தது. நீரில் இருந்ததைவிட ஏறத்தாழ 80,000 மடங்கு! ஆயிரம் ஜோடிகளுக்கு மேல் இருந்த பறவைகள் 1960இல் சுமார் 30 ஜோடிகளாகக் குறைந்தன.

நாம் வெளியே விடும் எதுவும் காணாமல் போவதில்லை. உணவுச் சங்கிலியின் வழியே அது நடந்துகொண்டே இருக்கிறது. சுற்றுச்சூழல் பாடத்தின் முதல் பக்கம் இதுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது.

நோயோடும் எதிர்ப்போடும்

இந்த நூலை எழுதிய காலத்தில் கார்சனுக்கு மார்பகப் புற்றுநோய். 1960இல் அறுவை சிகிச்சை நடந்தது. காலமான உறவுப் பெண்ணின் சின்ன மகனையும் அவர்தான் தத்தெடுத்து வளர்த்துவந்தார். நோயை வெளியில் சொன்னால், சொந்த வேதனையில் இரசாயனங்கள் மீது பழிபோடுகிறார் என்று எதிரிகள் பேசுவார்கள் என அஞ்சி மறைத்தே வைத்தார்.

1962 செப்டம்பரில் ‘மௌன வசந்தம்’ நூலாக வெளிவந்தது. இரசாயனத் தொழில்துறை கொதித்தெழுந்தது. வழக்குப் போடுவதாக மிரட்டல் வந்தது. உணர்ச்சிவசப்பட்ட பெண் என்று ஏளனம் செய்தார்கள். ஆனால் நூலின் இறுதியில் பக்கம் பக்கமாக அவர் ஆதாரங்களை அடுக்கியிருந்தார். 1963 மே மாதம், அதிபர் கென்னடியின் அறிவியல் ஆலோசனைக் குழு அவருடைய கருத்துகளைப் பெரிதும் ஆதரித்து அறிக்கை வெளியிட்டது.

1964 ஏப்ரல் 14ஆம் நாள், தமது 56ஆவது வயதில் கார்சன் காலமானார். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு 1970இல் உருவானதையும், வேளாண்மையில் டிடிடி 1972இல் தடைசெய்யப்பட்டதையும் அவர் பார்க்கவில்லை. அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட வெண்தலைக் கழுகு 2007இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதையும் பார்க்கவில்லை.

தம்பியும் நானும்

கார்சன் எல்லாப் பூச்சிமருந்தையும் ஒழிக்கச் சொன்னார் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. கண்மூடித்தனமாகக் கொட்டுவதைத்தான் அவர் எதிர்த்தார். அப்படிக் கொட்டினால் கொசுக்களே மருந்துக்குப் பழகிவிடும், பிறகு நோயைத் தடுக்க வழியிருக்காது என்றும் எச்சரித்தார்.

தம்பி படுத்திருந்த நாள்களை நினைத்தால், எங்கள் தெருவில் புகையே அடிக்க வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் புகை பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தேங்கிய நீரில் இருக்கும் புழுக்களை அது தொடாது. அவற்றை அழிக்க மருந்தே தேவையில்லை. இப்போது ஒவ்வொரு ஞாயிறும் தம்பியும் நானும் பூச்சட்டித் தட்டுகள், வாளிகள், கூரை நீர்க்குழாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நீரைக் கொட்டிவிடுகிறோம். பத்து நிமிட வேலைதான். உங்கள் வீட்டிலும் இந்த ஞாயிறு தொடங்கிப் பாருங்கள், நண்பர்களே.