சக்கரத்துக்குப் பின்னாலும் பார்த்தவர்



டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தைக் கேட்டதும் நமக்கு வண்டிதான் ஞாபகத்துக்கு வரும். அது ஒரு மனிதரின் பெயர். திருக்குறுங்குடி வேங்கராம் சுந்தரம் அய்யங்கார், அன்றைய திருநெல்வேலிச் சீமையில் 1877 மார்ச் 22-இல் பிறந்தவர். நம்ம சுந்தரபாண்டியத்துக்குத் தெற்கே, இதே மேற்கு மலையடிவாரத்து ஊர்தான்.

தகப்பனார் விருப்பப்படி முதலில் வக்கீல் தொழில் பார்த்தார். பிறகு ரயில்வேயில் வேலை, அதன்பின் வங்கியில் வேலை. மாசச் சம்பளத்தை விட்டுவிட்டு 1911-இல் சொந்தத் தொழில் தொடங்கினார். 1912-இல் மதுரையில் பஸ் ஓட்டினார். மாட்டு வண்டியும் ஜட்காவும் ஓடிய காலம் அது. கோடையில் புழுதி, மழையில் சேறு. மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழுந்த ஆணிகள் டயரைப் பதம் பார்த்தன. ரோட்டைக் குறை சொல்லிக்கொண்டு அவர் உட்காரவில்லை. காந்தம் கட்டிய வண்டியை முன்னால் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்று மதுரைப் பக்கம் இன்றும் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்பதும் அந்த ஊர்ப் பேச்சு.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காமல் போனது. அப்போது அவருடைய கம்பெனி கரிவாயுக் கருவி தயாரித்தது. அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்து, வரும் வாயுவை வடிகட்டி எஞ்சினுக்குக் கொடுப்பதுதான் முறை. வடிகட்டல் சரியில்லை என்றால் சாம்பல் போய் சிலிண்டர் தேய்ந்துவிடும். தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ஆலையும் நிறுவினார்.

வீட்டிலும் அவர் துணிந்தவர். சிறு வயதில் கணவரை இழந்த மகள் சௌந்தரத்தை மூலையில் உட்கார வைக்காமல் டாக்டருக்குப் படிக்க வைத்தார். அந்த அம்மாதான் 1947-இல் கணவர் ராமச்சந்திரனோடு காந்திகிராமத்தைத் தொடங்கினார்.

இவரைப் பற்றி எழுதத் தோன்றியதற்கு ஒரு மட்கார்டுதான் காரணம். பாடி கட்டும் ஷெட் ஒன்றில் பயிற்சிக்குப் போனபோது, பிளாட்பாரம் லாரிக்குப் பின்சக்கர மட்கார்டும் ரப்பர் ஃபிளாப்பும் மாட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. கூட வந்தவன் சிரித்தான், இதுக்கா டிப்ளமோ படிச்சோம்னு. செய்து பார்த்தால்தான் தெரிகிறது. லோடு ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி, சேசிஸ் சக்கரத்தை நோக்கி இறங்கும். காலி வண்டியில் இடைவெளி வைத்தால் முழு லோடில், பள்ளத்தில், டயர் மட்கார்டில் உரசும். ஃபிளாப் இரட்டை டயரின் முழு அகலத்தையும் மறைக்க வேண்டும். டயருக்கு ரொம்பப் பக்கத்தில் தொங்கினால் ரிவர்ஸ் எடுக்கும்போது டயர் அதைக் கீழே இழுத்துப் பிய்த்துவிடும். வெறும் போல்ட்டை மட்டும் முடுக்கினால் ஓட்டையில் ரப்பர் கிழியும். ஆகவே நீளப் பட்டைத் தகடு வைத்து, ஆடினாலும் கழலாத லாக் நட் போட வேண்டும். பின்விளக்கையும் நம்பர் பிளேட்டையும் மறைக்கக் கூடாது. பிராக்கெட்டுக்காக சேசிஸின் மேல், கீழ் விளிம்பில் ஓட்டை போடவே கூடாது, அங்கேதான் வளைவுப் பளு அதிகம்.

இத்தனையும் யாருக்காக? டிரைவருக்கு இதனால் பெரிய லாபம் இல்லை. ராஜபாளையம் மில்லில் ஷிப்டு முடிந்து மழையில் டூவீலரில் பின்னால் வருகிறாரே, அவருக்காக. இரட்டை டயர் நடுவே சிக்கித் தெறிக்கும் ஒரு கல் அவர் கண்ணைப் பறித்துவிடும். லாரி போய்க்கொண்டே இருக்கும்.

சுந்தரம் அய்யங்கார் 1955 ஏப்ரல் 28-இல் காலமானார். 1960-களில் அவர் மக்கள் சக்கரம், பிரேக், போல்ட் நட் என ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலை கண்டார்கள். 1972-இல் மதுரை பஸ்கள் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. பஸ் கைமாறியது, பேர் நின்றது. ஒரு லாட ஆணியைக்கூடச் சின்ன விஷயம் என்று தள்ளாததால் வந்த பேர் அது.

நாளை நாமும் ஷெட்டுக்கோ கம்பெனிக்கோ போவோம். பெரிய எஞ்சின் வேலை முதல் நாளே கிடைக்காது. மட்கார்டு கிடைக்கும். அதை ஒழுங்காக மாட்டுவோம் நண்பர்களே! பின்னால் வருகிறவர் நம் பேரைத் தெரிந்துகொள்ள மாட்டார். பத்திரமாக வீடு போய்ச் சேருவார்.