கடனால் முடி இழந்த கெதீவ்

1879-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி. கெய்ரோ நகரிலுள்ள அப்தீன் அரண்மனைக்குத் துருக்கி சுல்தானிடமிருந்து ஒரு தந்தி வந்தது. அதைப் பிரித்துப் படிக்கவே தேவையில்லை. எகிப்தின் முன்னாள் கெதீவ் இஸ்மாயில் பாஷாவுக்கு என்று மேல்விலாசத்திலேயே கண்டிருந்தது. பதினாறு ஆண்டுகள் ஒரு நாட்டைத் தம் இஷ்டம்போல் ஆண்டவர், அந்த ஒரு சொல்லால் முன்னாள் மன்னராகிவிட்டார். அவர் முடி இழந்தது போர்க்களத்தில் அல்ல. கடன் அவரை வென்றது.

நவீன எகிப்துக்கு அடிகோலிய முகமது அலியின் பேரர் இஸ்மாயில். 1830 டிசம்பர் 31-ல் பிறந்தவர், பாரிஸில் படித்தவர். பட்டத்துக்கு உரியவராயிருந்த அண்ணன் அகமது 1858-ல், ரயில் பெட்டி நைல் நதியில் விழுந்த விபத்தில் மாண்டார். ஆகவே 1863 ஜனவரியில் சிற்றப்பா சயீத் பாஷா காலமானதும் இஸ்மாயிலுக்குப் பட்டம் வந்தது. அக்காலத்தில் எகிப்து, பெயரளவில் துருக்கி சுல்தானுக்குக் கப்பம் கட்டும் நாடு. சயீத் பாஷா 1862-ல் சுமார் 33 லட்சம் பவுனுக்கு அயல்நாட்டுக் கடன் வாங்கி, புது வழியைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பருத்தி தந்த செல்வம்

இஸ்மாயில் பட்டமேறிய வேளை நல்ல வேளை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. தென் மாநிலங்களின் பருத்தி கப்பலேற வழியில்லை. இங்கிலாந்தின் ஆலைகள் பஞ்சுக்குத் தவித்தன. எகிப்தின் பருத்தி விலை பல மடங்கு ஏறியது. கஜானாவில் பணம் கொழித்தது. இந்தச் செல்வம் என்றும் நிலைக்கும் என்று இஸ்மாயில் நம்பிவிட்டார். 1865-ல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. ஆனால் அவர் தொடங்கிய செலவுகள் குறையவில்லை.

அவர் பணத்தையெல்லாம் வீணடித்தார் என்று சொல்வது நியாயமாகாது. எட்டாயிரம் மைலுக்கு மேல் பாசனக் கால்வாய்கள் வெட்டினார். ரயில் பாதைகளும் தந்திக் கம்பிகளும் பாலங்களும் பள்ளிக்கூடங்களும் அவர் காலத்தில் பெருகின. அதே கையால் அரண்மனைகளையும் கட்டினார். கெதீவ் என்ற பட்டத்தையும், தம் வாரிசுகளுக்கு அரசுரிமையையும் பெறுவதற்காகச் சுல்தானுக்குக் கட்டும் கப்பத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொண்டார். கால்வாய்க் கம்பெனியுடன் ஏற்பட்ட வழக்கில், பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் 1864-ல் அளித்த தீர்ப்பின்படி 8 கோடியே 40 லட்சம் பிராங்க் கொடுக்க வேண்டியதாயிற்று. 1869 நவம்பரில் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபோது, ஐரோப்பாவின் அரச குடும்பத்தினரை அழைத்து ராஜோபசாரம் செய்தார். விழாவுக்கென்று கெய்ரோவில் ஒரு இசை நாடக மாளிகையே எழும்பியது.

நூறுக்கு அறுபத்து மூன்று

இத்தனைக்கும் பணம் லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வந்தது. அது வந்த விதந்தான் கவனிக்கத் தக்கது. 1873-ல் வாங்கிய கடனுக்கு எகிப்து எழுதிக் கொடுத்த பத்திரங்களின் மதிப்பு 3 கோடியே 20 லட்சம் பவுன். கைக்குக் கிடைத்ததோ சுமார் 2 கோடி. நூறு ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, அறுபத்து மூன்று ரூபாயைக் கையில் வாங்கி வந்தது போன்ற கதை! வட்டி மட்டும் முழு நூறுக்கும் நூற்றுக்கு ஏழு வீதம். வாங்கிய பணமும் புதிய வேலைகளுக்குப் போகவில்லை. பெரும்பகுதி பழைய கடனை அடைக்கவே சரியாகப் போயிற்று.

கஜானா வறண்டபோது கெதீவ் வேறொரு யுக்தி செய்தார். ஆறு ஆண்டு நிலவரியை முன்னதாகச் செலுத்துவோருக்கு, அதன் பிறகு என்றென்றும் பாதி வரிதான் என்று 1871-ல் சட்டம் செய்தார். இன்றைய ரொக்கத்துக்காக நாளைய வருமானத்தில் பாதியை விற்றுவிட்டார் என்று பொருள். நிலச்சுவான்தார்கள் நம்பிப் பணம் கட்டினார்கள். 1880-ல், அவர் போன பிறகு, அந்தச் சட்டம் ரத்தாயிற்று.

ஏழை உழவர்களின் பாடுதான் பரிதாபம். அறுவடைக்கு முன்பே வரி கேட்டு ஆள் வந்தான். கையில் சவுக்கும் வந்தது. வரி கட்டுவதற்காக உழவன் வட்டிக்கடைக்காரனிடம் போனான். மன்னர் லண்டனில் பட்ட கடன், நைல் நதிக் கரையில் குடியானவன் வீட்டுக் கடனாக மாறியது.

பங்குகள் கைமாறின

1875 நவம்பரில் இஸ்மாயில், சூயஸ் கால்வாயில் எகிப்துக்கிருந்த 1,76,602 பங்குகளையும் விற்றார். பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி, ராத்ஸ்சைல்டு வங்கியில் கடன் வாங்கி, சுமார் 40 லட்சம் பவுனுக்கு அவற்றை வாங்கிவிட்டார். அந்தப் பங்குகளின் 1894 வரையிலான லாபத்தையும் இஸ்மாயில் முன்பே அடகு வைத்திருந்தார். ஆகவே, விற்ற பங்குகளுக்காக எகிப்தே பிரிட்டனுக்கு ஆண்டுதோறும் வட்டி கட்ட நேர்ந்தது!

அந்தப் பணமும் சில மாதங்களில் கரைந்தது. 1876 ஏப்ரலில் கடன் தவணைகள் நின்றன. உடனே ஐரோப்பியக் கடன்காரர்களின் பிரதிநிதிகளைக் கொண்ட கடன் கமிஷன் கெய்ரோவில் அமைந்தது. அவ்வாண்டு கணக்கிட்டு ஒன்றாக்கிய கடன் 9 கோடியே 10 லட்சம் பவுன். நாட்டின் வருமானத்தில் பாதிக்கு மேல் கடனுக்கே போயிற்று. 1877-ல் நைல் நதியில் வெள்ளம் குறைந்து, அடுத்த ஆண்டு மேல் எகிப்தில் பஞ்சம் தலைவிரித்தாடியபோதும் வட்டித் தவணை தவறவில்லை.

1878-ல் மந்திரி சபையிலேயே வெள்ளையர்கள் அமர்ந்தார்கள். நிதி இலாகா ஓர் ஆங்கிலேயரிடம். பொதுமராமத்து ஒரு பிரெஞ்சுக்காரரிடம். செலவைக் குறைக்க ராணுவ அதிகாரிகள் பலரைப் பாதிச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். 1879 பிப்ரவரியில் அவர்கள் பிரதம மந்திரியையும் நிதி மந்திரியையும் தெருவில் வளைத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் இஸ்மாயில் துணிந்து வெளிநாட்டு மந்திரிகளை நீக்கினார். ஆனால் காலம் கடந்துவிட்டது. ஐரோப்பிய வல்லரசுகள் சுல்தானை நெருக்கின. தந்தி வந்தது.

ஜூன் 30-ந் தேதி, மகன் தவ்பிக்கிடம் நாட்டை விட்டுவிட்டு, மஹ்ரூசா என்ற தமது சொந்தக் கப்பலில் அலெக்சாந்திரியாவிலிருந்து இத்தாலிக்குப் புறப்பட்டார் இஸ்மாயில். 1895 மார்ச் 2-ந் தேதி துருக்கியில் உயிர் நீத்தார். உயிரோடு தாய்நாடு திரும்பும் பாக்கியம் அவருக்குக் கிட்டவில்லை.

அவர் போனார், கடன் போகவில்லை. 1882-ல் பிரிட்டிஷ் படை எகிப்தில் இறங்கியது. அதன் கடைசி வீரன் வெளியேறியது 1956 ஜூனில். கடன் கமிஷன் கலைந்தது 1940-ல். இஸ்மாயிலின் பேரர் பாரூக் மன்னர் 1952 ஜூலை 26-ல் முடி துறந்து நாட்டை விட்டுப் போனதும் அதே மஹ்ரூசா கப்பலில்தான். சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, அதே தேதியில், அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார்.

இஸ்மாயில் வெட்டிய வாய்க்கால்களில் நீர் ஓடியது, வயல்கள் விளைந்தன. நாட்டை உயர்த்த வேண்டுமென்ற அவரது ஆசையில் குற்றமில்லை. வரவு நிலையற்றது என்பதை அவர் எண்ணவில்லை. பத்திரத்தில் கையெழுத்திடும்போது யார் திருப்பிக் கட்டப்போகிறார்கள் என்று கேட்கவுமில்லை. கையெழுத்து மன்னருடையது. கட்டியவர்கள், அந்தப் பத்திரத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத உழவர்கள்.